படகு, கூடாரம், சாப்பாடு: எந்த ஊரில் குடியிருப்பது, எங்கே போய்வருவது?

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் பெருநகரத்தை விட்டு வெளியே ஒரு வீடு தேடுகிறார்கள். சிலர் ஒரு மாதத்துக்கு, சிலர் நிரந்தரமாக. அவ்வப்போது படகில் போக வேண்டும், மலையில் கூடாரம் போட்டுப் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடும் வேண்டும். இப்படி ஆசைப்படுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. தமிழ்நாட்டையும் அதை ஒட்டிய கேரளத்தையும் மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஊர் எது?

விளம்பரங்களில் நிறைய உண்டு, நிஜத்தில் அரிது. ஏரிக்கரை விடுதியில் தங்கினால் படகு பக்கத்திலேயே இருக்கும். ஆனால் நான்காம் நாள் காலையிலும் அதே பூரி கிழங்கு வந்தால் அலுத்துவிடும். எவ்வளவு ஆசை இருந்தாலும் மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் யாரும் படகில் ஏறப்போவதில்லை. கூடாரம் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை. சாப்பாடோ தினமும் மூன்று வேளை. அதனால் குடியிருக்கும் ஊரைச் சாப்பாட்டை வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்பேன். தண்ணீரும் காடும் ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தால் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. அணையும் காடும் அரசாங்கத்தின் கையில் இருப்பவை. மழை வலுத்தால் படகை நிறுத்துவார்கள், வெயில் ஏறினால் காட்டுப் பாதையை மூடுவார்கள். அவற்றை நம்பி அங்கேயே வீடு பிடித்தால் வருடத்தில் பல வாரம் பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்படிப் பார்த்தால் எந்த ஊர்கள் தேறும்?

பொள்ளாச்சி, சிதம்பரம், வாணியம்பாடி – ஆம்பூர் பக்கம். என் விருப்பமும் இதே வரிசையில்தான். தென்காசியை விட்டுவிட்டாயே என்று கோபிக்கிறவர்கள் இருப்பார்கள். குற்றாலத்து அருவியும் பார்டர் பரோட்டாவும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே படகு என்றால் ஐந்தருவிச் சாலைக் குளத்தில் ஒரு சுற்று, அதுவும் சாரல் காலத்தில் மட்டும்.

பொள்ளாச்சிக்கு ஏன் முதல் இடம்?

முதலில் வானிலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊர் குளிர்ந்து கிடக்கும், தூறல் அடிக்கடி விழும். வடகிழக்குப் பருவமழையிலும் பங்கு கிடைக்கும். கோயம்புத்தூர் 40 கிலோமீட்டரில் இருப்பதால் பெரிய மருத்துவமனைக்கும் விமானத்துக்கும் அலைய வேண்டியதில்லை. பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் உண்டு.

சாப்பாட்டில் கொங்கு வீட்டுச் சமையலின் சாதாரணம்தான் இங்கே விசேஷம். அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விட்டு, தொட்டுக்கொள்ளத் தயிர். சந்தகை என்ற கொங்கு இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பால். குளிர்ந்த மாலைக்குக் கொள்ளு ரசம். நாட்டுக்கோழிக் குழம்புக்கு மெஸ்களில் மதியம் 12 மணிக்கே போய்விடுங்கள். தேங்காய், இளநீர், வெல்லம் எல்லாம் விளையும் இடத்திலேயே வாங்குகிறீர்கள். செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை கூடும். மாடு வாங்காவிட்டாலும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

வாய்க்கு மாற்றம் வேண்டுமா? ஒரு மணி நேரத்தில் பாலக்காடு. அதன் பக்கத்தில் ராமசேரி என்ற சிற்றூர் இட்லிக்குப் பெயர் போனது. பானையின் வாயில் துணி விரித்து விறகடுப்பில் வேகவைக்கும் தட்டையான இட்லி அது. தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய முதலியார் குடும்பங்கள்தான் தலைமுறையாக அதைச் சுடுகின்றன. பொடியில் எண்ணெய் குழைத்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

இனி தண்ணீரும் காடும். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தில் இருக்கிறது. ஆனால் சாலை வழியாக அங்கே போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போயாக வேண்டும். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றும் கேரள மண்ணில் உள்ள அணைகள், பராமரிப்பது தமிழ்நாடு. பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்தில் மூங்கில் தெப்பத்தில் அழைத்துப் போவார்கள். எஞ்சின் சத்தம் கிடையாது. கரையில் காட்டெருமையோ மானோ நின்றால் அதுபாட்டுக்கு நிற்கும். ஆனப்பாடியில் கேரள வனத்துறையின் கூடாரங்கள் உள்ளன. கட்டிலும் கழிப்பறையும் கொண்டவை, ‘கூடாரம்’ என்று சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டியவை. பெரியவர்களை அழைத்துப் போக இதைவிட நல்ல ஏற்பாடு இந்தப் பக்கத்தில் இல்லை. முன்பதிவு இல்லாமல் தங்க முடியாது. செக்போஸ்ட்டில் மாலைக்குப் பிறகு விட மாட்டார்கள். கன்னிமாரா என்ற பழந்தேக்கு மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அடிமரத்தைச் சுற்றிக் கைகோக்க நான்கைந்து பேர் வேண்டும்.

வால்பாறையும் பொள்ளாச்சியிலிருந்துதான். 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே அறை எடுத்துத் தங்குங்கள், கூடாரம் வேண்டாம். தேயிலைத் தோட்டங்களுக்குள் சிறுத்தையும் யானையும் நடமாடுவது தினசரிச் செய்தி. ஜூலையில் போனால் மழை, அட்டை இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பரிசல், சாப்பாடு இரண்டும் ஒரே நாளில் வேண்டும். குழந்தைகளும் இருக்கிறார்கள்.

பரளிக்காடு. கோவை மாவட்டத்தில் காரமடைக்கு மேலே, பில்லூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய மலைக் கிராமம். வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து சனி, ஞாயிறுகளில் நடத்துகிறார்கள். காலையில் பரிசல், மதியம் உள்ளூர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு, அப்புறம் ஆற்றுக் குளியல், மாலைக்குள் வீடு. ராகிக் களியும் கோழிக் குழம்பும் இருக்கும். ஓட்டல் ருசியைத் தேடிப் போகாதீர்கள், அங்கே சமைக்கும் முறையே வேறு. இரவு தங்க விரும்பினால் பக்கத்தில் பூச்சமரத்தூரில் வனத்துறை விடுதி இருக்கிறது. இரண்டுக்கும் முன்பதிவு அவசியம். விடுமுறைக் காலத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சிதம்பரம் கோயில் ஊர்தானே, அங்கே என்ன படகு?

15 கிலோமீட்டரில் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் சதுப்புநிலக் காடு. உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்த்தார்கள். 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் பெரிய சேதத்திலிருந்து தப்பின.

இங்கே மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகன்ற வாய்க்காலோடு திரும்பிவிடும். சுரபுன்னை வேர்கள் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் குறுகலான சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். காலை 9 மணிக்கு முன்னால் போனால் கொக்கு, நாரை, மீன்கொத்தி எல்லாம் வேலையில் இருக்கும். மதியம் போனால் வெயிலும் கூட்டமும்தான். இடுப்பளவு தண்ணீரில் இருளர்கள் வலையே இல்லாமல் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்க்க நேரலாம். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: கிளையை ஒடிக்காதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இந்தக் காட்டில்தான் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

சாப்பாட்டுக்கு வருவோம். நடராசர் கோயில் பிரசாதமான சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் இந்த ஊரின் கையெழுத்து. மிளகும் சீரகமும் நெய்யும் சேர்ந்த சாதம், புளியோடு மசிந்த சுட்ட கத்திரிக்காய். வீடுகளிலும் ஓட்டல்களிலும் இட்லிக்கே கொத்சு ஊற்றுவார்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பரங்கிப்பேட்டையும் கிள்ளையும் பக்கத்திலேயே. நண்டு, இறால், கழிமுகத்து மடவை, கொடுவா. காலையில் இறங்கும் மீனை வாங்கி மதியம் குழம்பு வைக்கலாம். சென்னையில் இதே கொடுவாவுக்குக் கேட்கும் விலையை இங்கே நினைத்துப் பார்க்காமல் இருப்பது நல்லது.

குறைகளும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் முதல் புழுக்கம் தாங்காது. கொசு உண்டு. தாழ்வான நிலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம் இருந்துகொண்டே இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தை என்ன செய்தது என்று உள்ளூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூடாரத்துக்கு இந்தப் பக்கம் பொருத்தமே இல்லை. அந்த ஆசைக்கு வேறு மாவட்டம்தான் போக வேண்டும்.

கொள்ளிடத்தில் நாங்களே சொந்தமாக ஒரு கயாக் வாங்கி விடலாமா?

வேண்டாம். சிதம்பரம் வட்டாரத்தில் பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் முதலைகள் இருக்கின்றன. குளிக்கப் போனவர்களும் ஆடு மாடுகளும் தாக்கப்பட்டிருக்கிறார்கள். காற்றடைத்த ரப்பர் கயாக்கில் அங்கே இறங்குவது வீரம் இல்லை. அமராவதி அணையிலும் இதே கதை, அதன் பக்கத்திலேயே முதலைப் பண்ணை இருக்கிறது. மேலும் அணைகளும் பெரிய ஏரிகளும் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பவை. அனுமதி இல்லாமல் சொந்தப் படகை இறக்க முடியாது. துடுப்புப் போட்டுப் பழக ஆசை என்றால் சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கம் பயிற்சி தருகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டுக்காட்டுப் படகு இல்லமும் அங்கேயேதான்.

ஆம்பூர் பக்கம் பிரியாணி தவிர என்ன இருக்கிறது?

பிரியாணியை ‘தவிர’ என்று தள்ளிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் விழுது, அளவான மசாலா, கூடவே புளிப்பான கத்திரிக்காய். வாரம் ஒரு முறை சாப்பிட்டாலும் வயிறு கோபிக்காத பிரியாணி இது.

மற்றதற்கு ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,100 மீட்டர் உயரம், புங்கனூர் ஏரியில் படகு. ஏரி சின்னது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் தனியார் நிலங்களில் கூடார முகாம்கள் நிறைய இருப்பதால் முதன்முதலாகக் கூடாரத்தில் படுத்துப் பார்க்க விரும்பும் குடும்பத்துக்கு இது ஏற்ற இடம். பிடிக்கவில்லையென்றால் ஒரு மணி நேரத்தில் கீழே வந்துவிடலாம்.

என்னைக் கேட்டால் ஏலகிரியைவிட எதிரே உள்ள ஜவ்வாது மலையே மேல். கூட்டம் குறைவு, வானம் இருட்டு. அந்த இருட்டுக்காகத்தான் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்தார்கள். அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்குச் சிறிய தொலைநோக்கியில் வானத்தைக் காட்டும் வழக்கம் உண்டு. மேகம் இல்லாத ஜனவரி சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.

போக்குவரத்துக்குக் குறையே இல்லை. சென்னை – பெங்களூரு ரயில் பாதை, ஜோலார்பேட்டை சந்திப்பு. கோடை மட்டும் கடுமை.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குடியிருந்தால் என்ன?

குளிர் பிடிக்கும் என்றால் இருங்கள். ஊட்டி ஏரி 1824இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டியது, கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கியது. இரண்டுமே படகு விடத் தோதானவை, இரண்டிலுமே மே மாதத்தில் படகைவிட வரிசை நீளம். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வந்தது. உங்களைப் பார்க்க வரும் உறவினர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டும் சீஸும் நன்றாக இருக்கும், ஆனால் தினசரிச் சாப்பாட்டுக்குச் சுற்றுலா விலை கொடுக்க வேண்டும்.

காட்டுக்குள் நாங்களே கூடாரம் போட்டுத் தங்கலாமா?

முடியாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம், இரவு தங்குவதைச் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு நடக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலைக் கிராமத்து இளைஞர்கள். தீ அபாயம் உள்ள பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் நடு வரை பாதைகளை மூடிவிடுவார்கள். குரங்கணி நடந்ததும் அந்த இடைவெளியில்தான்.

ஆக, நமக்குக் கூடாரம் என்றால் இரண்டே வழி: வனத்துறையே நடத்தும் தங்குமிடம், அல்லது பட்டா நிலத்தில் தனியார் நடத்தும் முகாம். “எங்களுக்குத் தெரிந்த ஃபாரஸ்ட் கார்டு இருக்கிறார், உள்ளே கூட்டிப்போகிறோம்” என்று யாராவது சொன்னால் அவரோடு போகாதீர்கள்.

தனியார் முகாம் சரியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புகைப்படத்தை நம்பாதீர்கள், தொலைபேசியில் பேசுங்கள். நிலம் பட்டாவா, உள்ளாட்சி அனுமதி இருக்கிறதா, யானை வரும் இடமா, மின்வேலியோ அகழியோ உண்டா, இரவு காவலுக்கு ஆள் யார், கழிப்பறை எத்தனை அடி தூரம். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் தனியார் முகாம் ஒன்றில் கூடாரத்தில் தங்கிய இளம்பெண் யானை தாக்கி இறந்தார். காட்டின் விளிம்பில் போட்ட கூடாரம் அழகாகத்தான் இருக்கும். எனக்குக் காட்டிலிருந்து தள்ளி, நாலு வீடு கண்ணுக்குத் தெரிகிற இடமே போதும்.

முகாமில் பாட்டு, ஒலிபெருக்கி, ‘கேம்ப் ஃபயர் பார்ட்டி’ என்று பட்டியல் நீண்டால் அது வேறு வகைக் கூட்டம். தூங்கப் போகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

படகில் ஏறும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்வதற்குப் பேர் பாதுகாப்பு இல்லை, மாட்டிக் கொக்கியை இறுக்குங்கள். அளவு சரியில்லாவிட்டால் மாற்றிக் கேளுங்கள். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட் உதவாது, கழன்று மேலே போய்விடும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் சாய்ந்தது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்தார்கள். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு, அளவுக்கு மேல் ஆள், நேரமோ இருட்டும் வேளை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாம் கவனிக்க வேண்டியது புரியும்: எத்தனை பேர் ஏற்றலாம் என்று படகில் எழுதியிருக்கிறதா, அதற்கு மேல் ஏற்றுகிறார்களா, பொழுது சாயப்போகிறதா. சந்தேகம் வந்தால் இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போகட்டும்.

ஒகேனக்கல்?

போய்வர அருமையான இடம். பரிசலில் பாறை இடுக்குகளுக்குள் போவதற்கு ஈடு இல்லை. ஆனால் கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் நீர்வரத்து ஏறும், மாவட்ட நிர்வாகம் உடனே பரிசலை நிறுத்திவிடும். ஜூலை, ஆகஸ்ட்டில் கிளம்பும் முன் அன்றைய செய்தியைப் பாருங்கள். மீனை நீங்களே வாங்கி அங்குள்ள பெண்களிடம் கொடுத்தால் குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஆலப்புழை படகு வீட்டில் ஒரு இரவு தங்குவது பயனுள்ளதா?

ஒரு முறைக்குச் சரி. இரவெல்லாம் படகு போய்க்கொண்டே இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். மாலை ஆனதும் கரையில் கட்டிவிடுவார்கள், மீனவர்கள் வலை போடும் நேரம் அது. பல படகுகளில் ஏசி இரவு மட்டும்தான். செலவைக் குறைக்க வேண்டுமா, கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரணப் பயணிகள் படகில் ஆலப்புழையிலிருந்து ஏறுங்கள். காயலும் அதேதான், கரையோர வாழ்க்கையும் அதேதான். கரையில் இறங்கிக் கரிமீன் பொள்ளிச்சது சாப்பிட்டுக்கொள்ளலாம்.

கூடாரத்துக்குப் போகும்போது என்ன சாப்பாடு எடுத்துப்போவது?

கட்டுச்சோறுதான். நம் வீடுகளில் ரயில் பயணத்துக்குக் கட்டிய அதே புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், பருப்புத் துவையல், மோர் மிளகாய். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சாதம் மறுநாளும் கெடாது. தயிர்சாதம் முதல் வேளைக்கு, பாலை நிறைய ஊற்றிக் கொஞ்சமாகத் தயிர் சேர்த்தால் மதியம் புளிக்காது. முட்டையை அவித்தே கொண்டுபோங்கள். இறைச்சியை ஊறவைத்து எடுத்துப்போய்ச் சுடுவது படத்தில் நன்றாக இருக்கும். வெயிலில் ஆறு மணி நேரம் காரில் கிடந்த கோழியை நான் தொட மாட்டேன். அடுப்பு மூட்ட இடத்துக்காரரிடம் அனுமதி கேளுங்கள். மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள், பன்றியும் குரங்கும் வாசனை பிடித்து வந்துவிடும்.

வீடு பார்க்கும்போது என்ன விசாரிப்பது?

முதலில் தண்ணீர். சிதம்பரத்தில் கடல் பக்கம் நகர நகரப் போர் தண்ணீர் உப்பு ஏறும், குடித்துப் பாருங்கள். போன மழைக்குத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். பொள்ளாச்சியில் தோப்பு வீடு என்று ஆசை காட்டுவார்கள். பாம்பு, மின்வெட்டு, ஊருக்குள் வர ஆகும் நேரம் மூன்றையும் யோசித்துவிட்டுப் பேசுங்கள். வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் நிலத்தடி நீர் கெட்டிருக்கிறது, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டே முன்பணம் கொடுங்கள். எந்த ஊரானாலும் வாங்கும் முன் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்குள் எந்த மெஸ் சாம்பாருக்கு, எந்த மெஸ் மீன் குழம்புக்கு என்பதும் தெரிந்துவிடும்.